உன் முதுகில் இருக்கிற பெயர்

செல்வம்,

உன் கடிதம் வந்து எட்டு நாள் ஆகிறது. பதிலைச் சீக்கிரம் எழுது என்று கேட்டிருக்கிறாய். சீக்கிரம் எழுத எனக்கு எங்கே வரும்? மூன்றாம் வகுப்போடு சிலேட்டை வைத்துவிட்டு, பிறகு கட்டட வேலைக்குச் சாரத்தில் ஏறியவள் நான். நாள் முழுக்கத் துணி பிழிந்தாலும் வலிக்காத விரல், ஒரு பக்கம் எழுதுவதற்குள் வலிக்கிறது. நீயும் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்பதால் பெரிது பெரிதாக எழுதுகிறேன். இங்கே ருவைஸில் எண்ணெய் பிளாண்டில் வெல்டர் வேலை பார்க்கும் நம்ம ஊர் ராசுவை உனக்குத் தெரியும். அவன், "அக்கா, எழுதி முடிச்சதும் எங்க ரூம்லயும் ஒரு தடவை படிச்சுக் காட்டணும், உங்க மகன் எங்களுக்கும் சொந்தம்தான்" என்று சொல்லி வைத்திருக்கிறான். கேட்கட்டும். இத்தனை நாள் ஒளித்து வைத்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உனக்குச் சொன்ன பிறகு யார் கேட்டால் என்ன?

நீ கேட்டது இதுதானே. அமெரிக்காவில் பெரிய டீமில் முதல் வருடம் நன்றாக ஆடிவிட்டாய். வருகிற கோடைக்கு டீமில் புதுச் சட்டை தைக்கிறார்கள், உன் சட்டையைக் கடையிலும் விற்கப் போகிறார்கள். உன் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் அந்த மனிதர், முதுகில் இருக்கிற பெயர் இந்தத் தோளில் தொடங்கி அந்தத் தோள் வரைக்கும் போகிறது, சனங்களின் வாயிலும் நுழையவில்லை, மார்ட்டின் என்று சின்னதாக ஒரு பெயர் வைத்துக்கொள் என்கிறார். "அம்மா, அப்பா பெயரை எடுத்துவிடலாமா? நீ சரி என்றால் கையெழுத்துப் போடுகிறேன், வேண்டாம் என்றால் இல்லை" என்று எழுதியிருக்கிறாய். என்னை நம்பி இவ்வளவு பெரிய விஷயத்தைக் கேட்கிறாயே, அந்தப் பெயரை எடுக்கச் சொல்லி முதன்முதலில் சண்டை போட்டவளே உன் அம்மாதான் என்பது உனக்குத் தெரியுமா?

அந்தப் பெயர் உன் பின்னால் ஒட்டிக்கொண்டது பாஸ்போர்ட்டுக்கு மனு எழுதிய நாளில். அப்பா துபாயில் கட்டட வேலை முடிந்து, அபுதாபியில் அந்த அமெரிக்க இன்ஜினியர் சார் வீட்டில் தோட்ட வேலைக்குச் சேர்ந்திருந்தார். அந்த வீட்டு மேடத்துக்கு வீட்டு வேலைக்கு ஆள் வேண்டியிருந்ததால் நம் இரண்டு பேருக்கும் விசா வந்தது. அறந்தாங்கியில் டைப் அடிக்கிறவர், "குடும்பப் பேரு என்னம்மா?" என்றார். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, அதோடு சரி. அவர் யோசித்துப் பார்த்துவிட்டு அந்த எழுத்தை விரித்து, அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் அடித்துவிட்டார். கம்பெனிப் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடத்தில் மேடம் உன்னைச் சேர்த்தபோது, அங்கே அந்தப் பெயரைத்தான் பிடித்துக்கொண்டார்கள். வாத்தியார் முதல் கூட விளையாடுகிற பிள்ளைகள் வரைக்கும் உன்னைச் செல்வம் என்று ஒருவரும் கூப்பிடவில்லை. எல்லோருக்கும் நீ உன் அப்பா பெயர்தான்.

எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளைப் பார்ப்பேன், அவள் சொல்வாள். அப்படிப்பட்டவள் காது கேட்க, கொல்லையில் மணலில் நின்றுகொண்டு ஏழெட்டு வெள்ளைக்காரப் பொடியன்கள் சாயங்காலம் முழுக்க என் புருஷன் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். "ஓடு! பிடி! இங்கே போடு!" என்று கூடவே அதட்டலும். அப்பா தோட்டத்தில் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நிற்பார், கத்தல் கேட்டதும் ஹோஸைப் போட்டுவிட்டு, "யெஸ் சார்?" என்று ஓடி வருவார். இன்ஜினியர் மகன் பில்லிக்கு அப்போது பத்து வயது. அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். நீயும் சிரிப்பாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் கோபத்தில்தான் ஒருநாள் மேடத்திடம் போய், எனக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீஷில் அழுதேன். ஸ்கூலில் பெயரை மாற்றச் சொல்லுங்கள், பிள்ளையைப் பிள்ளை பெயரால் கூப்பிடச் சொல்லுங்கள் என்றேன். பாவம், அந்த அம்மாள் உடனே கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டாள். அதை அப்பாவிடம் காட்டினேன். அவர் கையைத் துடைத்துவிட்டு வாங்கி, இங்கிலீஷ் தெரியாத மனுசன், மேலும் கீழும் பார்த்தார். "வேணாம் விடுடி" என்றார்.

"என்ன விடச் சொல்றீங்க? மட்டு மரியாதை இல்லாம சின்னப் பயலுக கூப்பிடுறானுக."

"கூப்பிடட்டுமே. ஊர்ல மேஸ்திரி என்னைய 'ஏய்'னான். துபாய் கேம்ப்ல நம்பர் போட்ட அட்டையக் குத்திவிட்டு நம்பரத்தான் கூப்பிட்டான். இங்க கம்பெனி ஆபீஸ்ல எல்லாரும் இந்தியில 'பாய், இதர் ஆவோ'ன்னு இங்க வாங்கிறான். நீ 'இந்தாங்க'ங்கிற. எங்காத்தா செத்த பெறகு என் பேர நான் காதுல கேக்குறதே இந்தப் பொடியனுக கத்தும்போதுதான். அதையும் நிறுத்திப்புடாத."

அந்தக் கடிதத்தை அவரே நாலாக மடித்து அடுப்படியில் இருந்த டப்பாவில் போட்டார். நான் அதற்குப் பிறகும் பல நாள் முறைத்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் சொன்னதன் அருமை அன்றைக்கு எனக்கு ஏறவில்லை.

பந்தைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது அம்மாதான் என்று நீ உன் கோச்சிடம் சொன்னாயாமே, அதைக் கேட்டு ராசு ரூமில் ஒரே சிரிப்பு. உண்மைதானே. முட்டை மாதிரி இரண்டு பக்கமும் கூராக இருக்கிற அந்தப் பந்து உன் மூக்கில் பட்டு ரத்தம் வந்த அன்றைக்கு நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு வந்து பார்த்தால், நீயும் மற்றப் பிள்ளைகள் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பந்தை நெஞ்சால் வாங்குகிறாய். "நெஞ்சுல வாங்காதடா! கீழேருந்து செங்கல்ல வீசினா நெஞ்சுலயா வாங்குவாக? கைய நீட்டி வாங்கு. வாங்கும்போது விறைக்காத, அது வர்ற வேகத்துக்குக் கையையும் கூட இறக்கு. கையில வந்து உக்கார்ற வரைக்கும் கண்ண எடுக்காத" என்றேன். பன்னிரண்டு வயதிலிருந்து சாரத்தில் நின்று செங்கல் பிடித்தவள், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பில்லியை விட்டு வீசச் சொல்லி நானே இரண்டு பிடித்துக் காட்டினேன். அப்பா வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "ஃபுட்பாலுன்னா காலால ஆடுறதுதான? இவனுக என்ன கையால ஆடுறானுக, நீ வேற போயி சேந்துக்கிட்ட?" என்றார். கடைசி வரைக்கும் அவருக்கு அந்த ஆட்டம் புரியவே இல்லை.

இன்ஜினியர் சார் வேலை முடிந்து அமெரிக்காவுக்குத் திரும்பும்போது, உன்னையும் கூட்டிப்போய்ப் படிக்கவைக்கிறேன் என்றார். நான் ஒரு வாரம் சாப்பிடவில்லை. அப்பா மட்டும் சரி என்றார். உன்னை விமானம் ஏற்றிவிட்டு வந்து, அவரும் தோட்டத்துக் குழாயடியில் தலையைக் குனிந்துகொண்டு வெகுநேரம் கால் கழுவிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு நாங்கள் இந்த ருவைஸுக்கு வந்தோம். அவர் கம்பெனிக் குடியிருப்பில் மரம் செடிக்குத் தண்ணீர் விடுகிற வேலைக்கும், நான் இன்னொரு வீட்டு வேலைக்கும். உன் கடிதம் வருகிற நாள்தான் எங்களுக்கு லீவு நாளான வெள்ளிக்கிழமை மாதிரி.

காலேஜ் முதல் வருடம் உன்னை ஆட்டத்தில் இறக்கவே இல்லை. மெலிந்த பையன், இடித்தால் உடைந்துபோவான் என்றார்கள். பயிற்சியில் மற்றவர்கள் இடித்துப் பழகுவதற்கு நீ ஆளாக நின்றாய். உடம்பெல்லாம் கன்றிப்போயிருக்கிறது என்று எழுதினாய். நல்லவேளை, அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது, அந்தப் பத்தியை விட்டுவிட்டுத்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். இரண்டாம் வருடம் இறக்கினார்கள். கடைசி நிமிடம், கோட்டுக்கு அந்தப் பக்கம் தனியாக நிற்கிறாய், பந்து நேராக வருகிறது, கையில் பட்டு விழுந்துவிட்டது. அதோடு ஆட்டமே போனது. இனிமேல் ஆடமாட்டேன் என்று எழுதினாய். நான் பதில் எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா? மூன்றாவது சாரத்தில் நிற்கும்போது ஒரு கல்லை நான் கோட்டைவிட்டு, அது கீழே நின்ற ஆளின் கால் பக்கத்தில் விழுந்தது. மேஸ்திரி பேசாத பேச்செல்லாம் பேசினார். கை கிடுகிடு என்று நடுங்கியது. கீழேயிருந்து வீசுகிற பொன்னம்மா உடனே அடுத்த கல்லை வீசிவிட்டாள். பிடித்தேன். நடுக்கம் போய்விட்டது. இறங்கி வீட்டுக்குப் போயிருந்தால் இன்றைக்கும் நடுங்கிக்கொண்டிருப்பேன். அடுத்த பந்தைக் கேட்டு வாங்கு என்று எழுதினேன். நீ கேட்டு வாங்கினாய். மூன்றாம் வருடம் உன் காலேஜ் முழுக்க உன் பெயரை, அதாவது அவர் பெயரை, பாட்டு மாதிரி கத்துகிறார்கள் என்று எழுதினாய். அதை அப்பாவுக்கு மூன்று தடவை படித்துக் காட்டினேன். "எத்தன பேரு இருப்பாக?" என்றார். ஆயிரக்கணக்கில் என்றேன். "நம்ம ஊர்த் திருவிழாவுக்கு வர்ற சனம் இருக்குமா?" என்றார். அதைவிட அதிகம் என்றேன். அன்றைக்கு வேலைக்குப் போகும்போது சட்டையை இஸ்திரி போட்டுக் கேட்டார். செடிக்குத் தண்ணீர் விடப் போகிறவர்!

இப்போது நான் ஒளித்து வைத்ததற்கு வருகிறேன்.

அப்பாவுக்கு மார்வலி வந்தது காலையில், குழாயடியில். ஆம்புலன்ஸில் நானும் ஏறிக்கொண்டேன். கூட வந்த நர்ஸ் மலையாளப் பெண், சின்னவள்தான், நல்ல பிள்ளை. அவள் அவர் மூக்கில் குழாயை வைத்துக்கொண்டே, "சேச்சி, ஆளை உறங்க விடாதே. பேரு சொல்லிக் கூப்பிடு. சத்தமா கூப்பிடு" என்றாள். நான், "என்னங்க, என்னங்க" என்றேன். "அப்படி அல்ல சேச்சி, பேரு, பேரு!" என்றாள். எனக்கு வாய் வரவில்லை, தம்பி. இருபது வருடத்துக்கு மேல் சொல்லாத பெயர். சொன்னால் ஆயுசு குறையும் என்ற பயம் அந்த நேரத்தில்தானா வர வேண்டும்? போய்க்கொண்டிருக்கிற உயிரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சொன்னால் போய்விடுமோ என்று பயந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தாங்க, இங்க பாருங்க" என்றுதான் கத்தினேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. அந்தப் பெண் என்னைக் கட்டிக்கொண்டு, கூப்பிட்டிருந்தாலும் நின்றிருக்காது சேச்சி என்று எத்தனையோ தடவை சொன்னாள். அது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் தன் பெயரைக் காதில் கேட்க ஆசைப்பட்ட மனுசன், கடைசி நேரத்தில் ஒரு தடவை கேட்காமல் போனார். அது என்னால் போனது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நீ காலேஜிலிருந்து, உன் கோச் ஆபீஸ் போனில் கூப்பிட்டாய். வருகிறேன் என்று அழுதாய். நான், "வராத, ஆட்டத்தை முடி" என்றேன். அப்பாவை வைத்த பெட்டியோடு நான் மட்டும் ஊருக்குப் போனேன். உன் பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான். பெற்ற பிள்ளை இருந்தும் இப்படியா என்று ஊரில் கேட்காதவர் இல்லை. உன்னை வராதே என்று சொன்னது சரியா தப்பா, எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. தப்பென்றால் என்னை மன்னித்துக்கொள். நீ அந்த வருடம் வெறி பிடித்தவன் மாதிரி ஆடினாய் என்று மேடம் எழுதியிருந்தாள்.

படிப்பு முடிந்து, பெரிய டீம்கள் ஆள் எடுக்கிற நாளில் நீ போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய், போன் அடிக்கவில்லை. பிறகு ஒரு டீம், சும்மா வந்து கோடைக் கேம்பில் ஓடிக் காட்டு என்றது. இதை ராசுவிடம் சொன்னதும், "அங்கேயும் கேம்புதானாக்கா? ரூமுக்கு எத்தன கட்டிலாம்?" என்றான். காலையில் ஓர் ஆள் வந்து கதவைத் தட்டி, கோச் கூப்பிடுகிறார், ஆட்ட முறை எழுதிக் கொடுத்த புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வா என்றால், அன்றோடு மூட்டை கட்ட வேண்டும் என்று நீ எழுதியிருந்தாய். அந்த வரியை மட்டும் இங்கே எல்லோரும் ஒரே மூச்சில் புரிந்துகொண்டார்கள். ஆபீஸுக்கு வா, பத்தாக்கா அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு வா என்றால் என்ன அர்த்தம் என்று விசா கேன்சலான ஒவ்வொருவனுக்கும் தெரியும். அந்தக் கேம்ப் நடந்த நாளெல்லாம், என்னைக் கடையில் பார்க்கிற பிள்ளைகள் எல்லாம், "அக்கா, கதவத் தட்டலையே?" என்றுதான் கேட்டார்கள். உன் பக்கத்துக் கட்டில் காலியானது. எதிர்க் கட்டில் காலியானது. உன் கதவை யாரும் தட்டவில்லை. நீ போனில் "அம்மா, இருக்கச் சொல்லிட்டாங்க" என்றபோது, நான் வேலை செய்கிற வீட்டுப் பிள்ளைகள் பயந்துபோகிற அளவுக்குக் கத்தினேன்.

நீ அனுப்பிய வீடியோ கேசட்டை இங்கே போட்டால் படம் கலர் இல்லாமல் உருண்டுகொண்டே இருந்தது. அமெரிக்காக் கேசட் இங்குள்ள டெக்கில் ஓடாதாம். ராசு லீவு போட்டு துபாய்க்குப் போய், கராமாவில் ஒரு கூட்டாளியிடமிருந்து எல்லாக் கேசட்டும் ஓடுகிற டெக்கைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து, அந்த ரூமில் இருபது பேர். எனக்கு வாசல் பக்கம் ஒரு நாற்காலி. டிவியில் பார்த்தால் எல்லோரும் தலையில் செம்பைக் கவிழ்த்தது மாதிரி நிற்கிறார்கள். என் பிள்ளை எது என்று தெரியவில்லை. ராசு டிவிக்கு மூக்கு ஒட்டுகிற மாதிரி உட்கார்ந்து, முதுகு முதுகாகப் பார்த்து, "இந்தா, இந்தா! இவ்வளவு நீளமா எழுதியிருந்தா அது நம்மாளுதான்!" என்றான்.

நீ ஓரமாக ஓடினாய். உன்னை மறிக்கிறவன் உன்னை ஒட்டிக்கொண்டே ஓடினான். திடீரென்று நீ இந்தப் பக்கம் போவது போல் தோளைக் காட்டிவிட்டு அந்தப் பக்கம் ஒடித்துத் திரும்பினாய். அவன் வழுக்கினான். பந்து வானத்திலிருந்து இறங்கி வந்துகொண்டே இருந்தது. நான் பார்த்தது உன் கையைத்தான். நெஞ்சில் வாங்கவில்லை. நீட்டினாய், விறைக்கவில்லை, பந்து வருகிற வேகத்துக்குக் கையும் கூட இறங்கியது. அது என் கை, தம்பி. அறந்தாங்கியில் சாரத்தில் நின்ற கை. விழாமல் கோட்டைத் தாண்டி ஓடினாய். அதற்குப் பிறகு அந்தச் சத்தம். மைக்கில் ஒருவர் அப்பா பெயரைச் சொல்லிக் கத்தினார். உடைத்து, நீட்டி, தப்பும் தவறுமாகச் சொன்னாலும் முழுசாகச் சொன்னார். பிறகு அந்த மைதானத்தில் இருந்த அத்தனை சனமும், கண்ணுக்கு எட்டின மட்டும் தலைதலையாக இருக்கிற சனம், எழுந்து நின்று அவர் பெயரைக் கூப்பிட்டது. ரூமில் இருந்த பிள்ளைகளும் கூடச் சேர்ந்து கூப்பிட்டார்கள். நம்பர் குத்திய அட்டையோடு இருந்த மனுசனை, "பாய், இதர் ஆவோ" என்று கூப்பிட்ட மனுசனை.

நான் எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. நானும் கூப்பிட்டேன். வாய்விட்டு, முழுப் பெயரையும், நர்ஸ் அன்றைக்குச் சொன்ன மாதிரி சத்தமாக. ராசு திரும்பிப் பார்த்து, "அக்கா... மாமா பேரச் சொல்லிட்டீக" என்றான். "ஆமாடா, சொல்லிட்டேன்" என்றேன். "இன்னொரு தடவ போடு" என்றேன். அவன் கேசட்டைத் திருப்பிப் போட்டான். திரும்பவும் சொன்னேன். அன்றைக்கு ஐந்து தடவை போட்டார்கள், ஐந்து தடவையும் சொன்னேன். எனக்கு அழுகை வரவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

இப்போது உன் கேள்விக்குப் பதில். மார்ட்டின் என்று வைத்துக்கொண்டாலும் நீ என் பிள்ளைதான், அதில் மாற்றமில்லை. ஓடுகிறவன் நீ, அடி வாங்குகிறவன் நீ. உன் பிழைப்புக்கு அதுதான் நல்லது என்று உனக்கே பட்டால் நான் முகம் சுளிக்க மாட்டேன். ஆனால் நீ என்னைக் கேட்டாய், அதனால் சொல்கிறேன். அந்த மனிதரிடம் போய்ச் சொல்: முதுகில் இடம் போதவில்லை என்றால் எழுத்தைச் சின்னதாக்குங்கள், பெயரைச் சின்னதாக்காதீர்கள். வாயில் நுழையவில்லை என்றால் பழகிக்கொள்ளட்டும். எனக்கே இருபது வருடத்துக்கு மேல் ஆனது, இப்போது நன்றாக வருகிறது.

கவர் மேல் விலாசம் எப்போதும் ராசுதான் எழுதுவான், இங்கிலீஷ் என்பதால் மட்டுமில்லை, அதில் அந்தப் பெயரை எழுத வேண்டியிருக்கும் என்பதாலும்தான். இந்தத் தடவை அவன் இங்கிலீஷில் எழுதியதற்குக் கீழே நானும் தமிழில் எழுதியிருக்கிறேன். உங்கள் ஊர்த் தபால்காரருக்குப் புரியாது. நீ பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
முத்துக்கருப்பன் பெண்சாதி,
உன் அம்மா.